பத்தியத்தை முறித்தது யார்

என்மேல் உங்கள் எல்லோருக்கும் ஒரு சலிப்பு உண்டு என்று எனக்குத் தெரியும். நம் ஓய்வுபெற்ற ஆசிரியர் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒருவர் ஒரு மூலிகைக் குறிப்பு அனுப்புகிறீர்கள். சர்க்கரை இறங்கும், மூட்டுவலி ஓடும், கல் கரையும். உடனே பத்துப் பேர் கைகூப்பும் படம் போடுகிறீர்கள். நான் மட்டும் அடியில் ஒரு வரி எழுதுவேன்: என்ன நடந்தால் இது பலிக்கவில்லை என்று ஒத்துக்கொள்வீர்கள்? அவ்வளவுதான் கேட்பேன். டீச்சர் ஆரம்பித்துவிட்டார் என்று ஒருவர் எழுதுவார், நாலு பேர் சிரிப்பார்கள். போன மாதம் ஒருவர் கொஞ்சம் காரமாகவே கேட்டுவிட்டார், நம் வைத்தியத்தின் மேல் உங்களுக்கு அப்படி என்ன வன்மம் என்று.

வன்மம் இல்லை. சளி பிடித்தால் நானும் கசாயம் வைத்துத்தான் குடிக்கிறேன். முப்பத்திரண்டு வருடம் அறிவியல் பாடம் நடத்தியவள் என்பதால் வந்த கிறுக்கு என்றும் நினைக்க வேண்டாம். அந்தக் கேள்வி என்னுடையதே இல்லை. எனக்குப் பத்து வயதில், ஒரு கோடையில், என் சித்தப்பா கேட்ட கேள்வி அது. நீங்கள் எல்லாம் என் வயதுக்காரர்கள். நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி என்று சொன்னால் இன்றைக்கும் உங்கள் கை தானாக வயிற்றுக்குப் போகும். அதனால் உங்களிடம் சொல்வது சுலபம்.

எங்கள் ஊர் மேலூரிலிருந்து மூன்று மைல். அப்பா அதுவரை ஊரார் வயலில் கூலிக்கு நாற்று நட்டு, களை எடுத்து, அந்த வருடம்தான் சொந்தமாக ஒரு துண்டு நிலத்தில் கால் வைத்திருந்தார். சித்தப்பா அவருடைய ஒரே தம்பி. இருபத்துமூன்று வயது. தாய் தகப்பன் இல்லாமல் அப்பா தூக்கி வளர்த்த பிள்ளை. எங்கள் குடும்பத்தில் சட்டைப் பையில் பேனா குத்திக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் அவர்தான். மேலூர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். தகரக் கூரைக்கு அடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, விசில் ஊதி பஸ்ஸைக் கிளப்பி, எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது போனது என்று நோட்டில் எழுதுகிற வேலை. கையில் பச்சை முள் கடிகாரம். அந்த முள் இருட்டில் மின்னும் என்பதற்காகப் பகலிலேயே நாங்கள் போர்வைக்குள் அவர் கையை இழுத்து வைத்துப் பார்ப்போம்.

அவருடைய நோட்டில் இரண்டே பத்தி. வர வேண்டிய நேரம், வந்த நேரம். தாமதமாக வந்த கண்டக்டர்கள் வந்து கெஞ்சுவதை வீட்டில் நடித்துக் காட்டுவார்.

"அண்ணே, பாலத்துல மாடு மறிச்சிருச்சுண்ணே. அதையும் சேத்து எழுதிக்கங்கண்ணே."

"எங்க மாப்ள எழுத? மூணாவது பத்தி இல்லையே. வந்தியா, வரலையா, அம்புட்டுத்தான் இதுல இடம்."

அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள். அம்மா அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்தது சித்தப்பா பேசும்போது மட்டும்தான். அப்பா நல்லவர், ஆனால் கோபம் வந்தால் முதல் வார்த்தையே "உங்க ஊருக்குக் கெளம்பு" என்பதாக இருக்கும். அம்மாவின் தகரப் பெட்டி இரண்டு தடவை வாசலுக்கு வந்து திரும்பியிருக்கிறது.

சித்திரை மாதம், மதியம். சித்தப்பா சாப்பாட்டுக்கு சைக்கிளில் வந்து வாசலில் இறங்கினார். நான் வேப்பமரத்து நிழலில் இருந்தேன். கண்மாய்ப் பக்கமிருந்து ஒரு நாய் வந்தது. எங்கள் ஊர் நாய் இல்லை. குரைக்கவில்லை, ஓடவில்லை. யாரோ வேலைக்கு அனுப்பியதுபோல ஒரே சீராக நடந்து வந்தது. வாயோரத்தில் எச்சில் நூலாகத் தொங்கியது. சித்தப்பாவின் வலது கெண்டைக்காலைக் கவ்வி, விட்டு, அதே நடையில் அடுத்த வீட்டுக்குப் போய் அங்கே கட்டியிருந்த வெள்ளாட்டின் முகத்தில் ஒரு கடி கடித்து, புளியந்தோப்புக்குள் போய்விட்டது. திரும்பிப் பார்க்கவே இல்லை. கல்லைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள், அகப்படவில்லை. அந்த நாய் ஒரு மனிதரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை என்பதுதான் அன்றைக்கு என்னைப் பயமுறுத்தியது.

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போகலாம் என்று சித்தப்பா சொன்னார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. அதற்கு முந்தின வருடம் பக்கத்து ஊர் ஆள் ஒருவர் அந்த ஊசிகளைப் போட்டுக்கொண்டு இடுப்புக்குக் கீழே விளங்காமல் கட்டிலில் தூக்கி வரப்பட்டதை அப்பா கண்ணால் பார்த்திருந்தார். அது பொய் இல்லை. அந்தக் காலத்து ஊசி எங்கேயோ ஒருவருக்கு அப்படிச் செய்தது உண்டு. ஆகவே அப்பாவை முட்டாள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. அவர் பயந்தது நிஜமான ஒன்றுக்கு. பக்கத்தில் இருந்த இன்னொரு நிஜம்தான் அவர் கண்ணுக்குப் படவில்லை.

சித்தப்பாவை அவர் கூட்டிப்போனது நாய்க்கடி வைத்தியரிடம். வைத்தியர் ஊரின் மேற்குக் கோடியில் இருந்தார். மெதுவாகப் பேசுவார். யாரிடமும் கை நீட்டி எதுவும் வாங்கமாட்டார். சுற்றுப்பட்டில் நாய் கடித்தவர்கள் எல்லாம் அவரிடம்தான் வருவார்கள், பிழைத்துப் போவார்கள். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவை வெறிநாய்களே இல்லை, மருந்து தின்னாவிட்டாலும் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. வைத்தியருக்கும் தெரியாது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை என்பதை நான் சத்தியமாகச் சொல்வேன். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் யாராவது கண்டுபிடித்திருப்பார்கள்.

பச்சிலையும் மிளகும் அரைத்து எலுமிச்சை அளவு உருண்டை. தினம் காலையில் ஒன்று, நாற்பத்தெட்டு நாள். புளி, எண்ணெய், எள்ளு, மீன், கருவாடு, கறி எதுவும் ஆகாது. உப்பு பாதி. வீட்டில் தாளிக்கவே கூடாது, தாளிக்கிற வாசனை மூக்கில் ஏறினாலும் பத்தியம் முறிந்துவிடும். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சித்தப்பா, முதல் உருண்டையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"மாமா, தப்பா நெனைக்காதீக. என்ன நடந்தா இந்த மருந்து பலிக்கலைன்னு நாம எழுதிக்கலாம்?"

வைத்தியருக்குக் கேள்வி புரியவில்லை. "பத்தியம் இருந்தா பலிக்காம இருக்காது மாப்ள" என்றார்.

"பத்தியம் இருந்தும் பலிக்கலைன்னா?"

"அப்ப பத்தியம் முறிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"முறியலைன்னு நமக்கு நல்லாத் தெரிஞ்சா?"

"நமக்குத் தெரியாம முறிஞ்சிருக்கும்."

"அப்ப இந்த பஸ் லேட்டே ஆகாது" என்று சித்தப்பா சிரித்தார். அப்பா, "வாய மூடிக்கிட்டு முழுங்குடா" என்று அதட்டினார். வைத்தியர் கோபப்படவில்லை. சின்னப் பையன் பேச்சு என்று அவரும் சிரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தப்பா ஒரு பழைய நோட்டை எடுத்து என்னிடம் கொடுத்தார். "திங்கிறதுன்னு ஆயிருச்சு. ஒரு பருக்கை தப்பாம இருந்து பாத்துருவோம். அப்பத்தான் மருந்தப் பத்தி ஏதாச்சும் தெரியும். நாந்தான் நாக்கு நீளமான ஆளு, என்னய நம்பாத. நீ காவல் இரு" என்றார். எனக்கு ஏகப்பட்ட பெருமை. இரண்டு பத்தி கோடு போட்டேன். ஒன்றில் திங்க வேண்டியது, இன்னொன்றில் தின்றது. பள்ளிக்கூடம் கோடை விடுமுறை. மதியச் சாப்பாட்டைத் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போவேன், அவர் தின்று முடிக்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருப்பேன், அவரோடுதான் சைக்கிளில் திரும்புவேன். பரோட்டாக் கடை வாசனை வந்தால் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வேன். அவரும் பொத்திக்கொள்வார். பஸ் ஸ்டாண்டே சிரிக்கும்.

அந்தக் கோடையை நினைத்தால் எனக்கு முதலில் வருவது ஒரு சத்தம் இல்லாமல் போனது. எங்கள் அடுப்படியில் கடுகு வெடிக்கும் சத்தம். அது நின்ற பிறகுதான் அப்படி ஒன்று தினமும் வீட்டில் இருந்ததே தெரிந்தது. கருவாட்டுச் சட்டியை அம்மா முதல் நாளே காலி செய்து, சாம்பல் போட்டுத் தேய்த்து, கொல்லையில் கவிழ்த்துவிட்டாள். எங்கள் எல்லோருக்கும் அதே வெந்த சோறு, அதே துவரம்பருப்புத் தண்ணீர். வெயில் ஏறஏற வீடு வாசனையே இல்லாமல் வெறிச்சென்று கிடந்தது, ஆள் இல்லாத வீடு மாதிரி.

இருபத்தாறாம் நாள் அடுத்த வீட்டு வெள்ளாடு செத்தது. அதற்கும் வைத்தியர் மருந்து கொடுத்திருந்தார். இரண்டு நாளாகத் தொண்டை கட்டிய குரலில் கத்திக்கொண்டே இருந்தது. கட்டுத்தறியைக் கடித்துக் கடித்து வாயெல்லாம் ரத்தம். தண்ணீர்த் தொட்டிப் பக்கமே போகவில்லை. சித்தப்பா வேலைக்குப் போகாமல் வேலியருகே நின்று அதைப் பார்த்தார். அன்றைக்கு அவர் ஒரு கேலியும் பேசவில்லை.

வைத்தியர் வந்து பார்த்தார். உண்மையாகவே வருத்தப்பட்டார். "வாயில்லாச் சீவன். வேலியில எதையாச்சும் மேஞ்சிருக்கும். ஆட்டுக்கு ஏது பத்தியம்" என்றார். ஆட்டுக்காரம்மா ஆமாம் என்று தலையாட்டினாள்.

அன்று சாயங்காலம் சித்தப்பா அப்பாவிடம், "அண்ணே, நாளைக்கு நான் பெரியாஸ்பத்திரிக்குப் போயிட்டு வாரேன்" என்றார்.

"இருவத்தாறு நாளு தாண்டியாச்சு. இன்னும் இருவத்திரெண்டுதான்டா கெடக்கு. நடுவுல விட்டா ரெண்டுங் கெட்டுப்போயிரும்."

"அந்த ஆடு வெறியிலதான் செத்துச்சுண்ணே. அப்ப அந்த நாயிக்கும் வெறிதான்."

"அந்த ஆளக் கட்டில்ல கொண்டாந்தத நான் பாத்தேன்டா. உன்னய அப்படிப் பாக்க என்னால முடியாதுடா." சொல்லிக்கொண்டே அப்பா அழுதுவிட்டார். அப்பா அழுது நான் பார்த்தது அதுதான் முதல். சித்தப்பாவும் பார்த்ததில்லை போலிருக்கிறது. "சரிண்ணே, விடுண்ணே, போகலை" என்று சொல்லி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். இந்த இடத்தை நான் எத்தனை தடவை யோசித்திருக்கிறேன் தெரியுமா? பாசம் இல்லாத அண்ணனாக இருந்திருந்தால் தம்பி மறுநாள் மதுரை பஸ் ஏறியிருப்பார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் என்னிடம் நாள் கேட்பார். முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. கடிபட்ட இடம் ஆறித் தழும்பாகிவிட்டது. எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு வந்தது. நாற்பத்திரண்டாம் நாள் அந்தத் தழும்பைச் சொறிந்துகொண்டே இருந்தார். எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது என்றார். நான் தேடினேன், எறும்பு இல்லை.

நாற்பத்து நான்காம் நாள் காலை. வேலைக்குக் கிளம்பி, அம்மா நீட்டிய சொம்பை வாங்கி வாயருகே கொண்டுபோனார். தொண்டை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. புரை ஏறிவிட்டது என்று அம்மா அவர் தலையில் தட்டப் போனாள். அவர் கையால் தடுத்துவிட்டு மறுபடியும் சொம்பைத் தூக்கினார். இந்தத் தடவை தண்ணீரைப் பார்த்ததுமே இழுத்தது. சொம்பு நழுவி, தண்ணீர் தரையில் ஓடியது. அவர் அதைப் பார்க்க முடியாமல் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"தாயி, நோட்ட எடு" என்றார். எடுத்தேன்.

"எழுது. நாப்பத்தி நாலாம் நாளு. தண்ணி எறங்கலை."

எழுதினேன். "வேற எதுவும் எழுதாத" என்றார்.

அப்பாவும் அவரும் பத்து மணி பஸ்ஸில் போனார்கள். காற்றுப் பட்டாலும் தொண்டை இழுத்ததால், ஜன்னல் காற்று முகத்தில் படாமல் துண்டால் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் எத்தனை ஊசி போட்டீர்கள் என்று கேட்டாராம். ஒன்றுகூடப் போடவில்லை என்று அப்பா சொன்னாராம். அதற்குமேல் டாக்டர் ஒன்றும் கேட்கவில்லையாம். இரண்டாம் நாள் மத்தியானம் சித்தப்பா செத்துப்போனார். கடைசிவரை தெளிவாக இருந்தார் என்று அப்பா சொன்னார். அதைவிடக் கொடுமை எனக்கு எதுவும் தெரியாது.

மூன்றாம் நாள் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். வைத்தியர் வந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. யாரும் கேட்காமலே அவர் சொன்னார்: "பத்தியம் எங்கயோ முறிஞ்சிருச்சு. என் மருந்து யாரையும் கைவிட்டது கெடையாது."

எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள். அப்பா உள்ளே திரும்பி அம்மாவைப் பார்த்தார். சமைத்தவள் அவள்தானே.

"என்னத்தடி போட்ட? தாளிச்சியா? எண்ணெய விட்டியா?"

"சத்தியமா இல்லங்க. புள்ளைகளுக்குக்கூடத் தாளிச்சுப் போடலங்க."

"பின்ன எப்படி முறிஞ்சுச்சு?"

இதற்கு அம்மா என்ன பதில் சொல்வாள்? முறியவில்லை என்றால் மருந்து பொய். மருந்து பொய் என்றால் தம்பியை ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தவர் அப்பா. அந்தப் பக்கம் அப்பாவால் ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது. இது இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தெரிந்தது, அவர் உள்ளே போய்த் தகரப் பெட்டியைத் தூக்கிவந்து வாசலில் வைத்தது மட்டும்தான். "தம்பியக் கொன்னவ எனக்கு வேணாம். கெளம்பு" என்றார். முன்பு இரண்டு தடவை மாதிரி அது கோபக் குரல் இல்லை. சத்தமே இல்லாத குரல். இந்தத் தடவை பெட்டி திரும்பி வராது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் அடுப்படிக்குப் போனேன். பரணில் என் நோட்டு இருந்தது. நாற்பத்து நான்கு நாளும் அவர் தின்ற ஒவ்வொரு கவளமும் அதில் இருந்தது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது, வைத்தியருக்குத் தெரியும். வந்தவர்களுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்த அடுப்பில் அதை வைத்தேன். அட்டை மட்டும் சீக்கிரம் எரியவில்லை, குச்சியால் தள்ளிவிட்டேன். பிறகு வெளியே வந்து சொன்னேன்:

"அம்மா இல்லப்பா. நாந்தான் சித்தப்பாவுக்குக் கருவாடு குடுத்தேன். ஆசையா இருக்குன்னு கேட்டாக."

அப்பா கையை ஓங்கினார். வைத்தியர்தான் குறுக்கே வந்து பிடித்தார். "பச்சப்புள்ள. தெரியாமச் செஞ்சிருச்சு, விடுங்க" என்று என் தலையைத் தடவினார். அவர் முகத்தில் அப்போது ஒரு நிம்மதி வந்தது. மூன்று நாளாகத் தூங்காமல் இருந்திருக்கிறார் மனிதர், இனிமேல் தூங்குவார். அப்பா முகத்திலும் அதே நிம்மதி. கருவாட்டுச் சட்டி கொல்லையில் ஒன்றரை மாதமாகக் கவிழ்ந்து கிடக்கிறதே, குழந்தைக்குக் கருவாடு எங்கிருந்து வந்தது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அம்மா யோசித்தாள். என்னைப் பார்த்தாள். குனிந்து தன் பெட்டியை உள்ளே எடுத்துப் போனாள்.

அம்மாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். காப்பாற்றியதும் நிஜம்தான். ஆனால் நான் அதோடு இன்னொன்றையும் காப்பாற்றிக் கொடுத்துவிட்டேன். உங்களில் பாதிப் பேர் அறிவியல் நடத்தியவர்கள், இதை நான் விளக்கத் தேவையில்லை. சித்தப்பாவின் பஸ் நேரம் தப்பாகப் போக முடியும், அதனால்தான் அந்த நோட்டை நம்பலாம். அந்தத் தொப்புள் ஊசி இன்று இல்லையே, ஏன்? அதில் கால் போனவர்களை டாக்டர்களே எழுதிவைத்தார்கள், அதனால் வேறு ஊசி வந்தது. வைத்தியரின் மருந்து கடைசிவரை மாறவில்லை. தோற்றதே இல்லை என்றால் எதற்காக மாற வேண்டும்? அது தோற்ற ஒரே ஒரு முறை, சுத்தமாக, ஒரு பருக்கை பிசகாமல் தோற்ற ஒரு முறை, அதற்கு இருந்த ஒரே சாட்சி நான். நோட்டை அடுப்பில் வைத்துவிட்டேன்.

ஆனி மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. மூன்றாவது வாரம், என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்காருகிற சிநேகிதியை ஒரு நாய் கடித்தது. கையில். அன்று சாயங்காலம் அவள் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். அத்தை என்று கூப்பிடுவேன். ஓடி வந்திருந்தார். என்னைத் தனியாக வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்க் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எங்க வீட்ல வைத்தியர்ட்டத்தான் போகணும்ங்கிறாக. எனக்கு மனசு ஒப்பலை தாயி. ஒங்க சித்தப்பா பத்தியம் இருந்தும் செத்தாகன்னா நான் இப்பவே புள்ளயத் தூக்கிட்டுப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருவேன். யார் தடுத்தாலும் போயிருவேன். நெசமாவே நீ கருவாடு குடுத்தியா? எம் மகளுக்காகக் கேக்குறேன்."

வாசல் கதவுக்குப் பின்னால் அம்மா நின்றிருந்தாள். அவள் சேலை நுனி எனக்குத் தெரிந்தது. அவள் வெளியே வரவில்லை. அம்மா வந்து ஏதாவது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். சேலை நுனி உள்ளே போய்விட்டது.

"குடுத்தேன் அத்தை" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டு என் கன்னத்தைத் தடவினார். நேராக மேற்குத் தெருப் பக்கம் நடந்தார்.

என் சிநேகிதி முப்பத்தொன்பதாம் நாள் செத்துப்போனாள். வைத்தியர் அதே வார்த்தையைச் சொன்னார். அங்கே யாரும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கோயிலுக்குப் போன இடத்தில் பிள்ளை அழுததென்று ஒரு எள்ளுருண்டை வாங்கிக் கொடுத்ததை அத்தையே எல்லோர் முன்னாலும் சொல்லி மாரில் அடித்துக்கொண்டார். அவர் பெட்டி வாசலுக்கு வந்தது. உள்ளே போகவில்லை. அவருடைய அண்ணன் வந்து அவனியாபுரத்துக்குக் கூட்டிப் போனார் என்று கேள்விப்பட்டேன். புருஷன் அடுத்த தையில் வேறு கல்யாணம் செய்துகொண்டார்.

நான் படித்தேன். அப்பா படிக்க வைத்தார். ஆனால் சாகிறவரை என் கையால் ஒரு வாய்ச் சோறு வாங்கிச் சாப்பிடவில்லை. அம்மா போன பிறகு, அப்பா போன பிறகு, உண்மையைச் சொன்னால் பெட்டி தூக்கப்பட வேண்டியவர் யாரும் வீட்டில் இல்லாமல் போன பிறகும் நான் சொல்லவில்லை. வருடா வருடம் பத்தாம் வகுப்பில் கரும்பலகை முன்னால் நின்று, எப்போது தப்பாகும் என்று சொல்லாத கூற்றை நம்பாதீர்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் குடியிருக்கிற விளாங்குடியிலிருந்து அத்தை இருந்த அவனியாபுரம் போக இரண்டு பஸ்தான்.

நம் குழுவில் வன்மம் என்ற அந்தச் சொல் வந்த அன்று, பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. உங்களுக்குச் சொல்வதற்கு முன்னால் சொல்ல வேண்டிய ஒருவர் இருந்தார். விசாரித்தேன், அத்தை உயிரோடு இருந்தார். எண்பது வயது. அண்ணன் மகனின் லேத் பட்டறைக்குப் பின்னால் ஒரு அறை. ஷேர் ஆட்டோவில் இறங்கிக் காலை பதினோரு மணிக்குப் போனேன்.

யாரென்று சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போடச் சொன்னார். கட்டிலில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கருவாடே இல்லை, கொடுக்கவே இல்லை, எங்கள் அம்மாவுக்காகச் சொன்னேன், நோட்டை எரித்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன், படட்டும் என்றுதான் போனேன். அவர் என் பொய்யைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை.

"அப்ப எம்மக அந்த எள்ளுருண்டையால சாகலையா?"

"இல்ல அத்தை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே கெடையாது. எம்புட்டுப் பத்தியம் இருந்திருந்தாலும் அந்த மருந்து கேட்டிருக்காது."

"நெசமா?"

"நெசம் அத்தை."

பட்டறையில் இரும்பு கடைகிற சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதுக்கப்பறம் எள்ளத் தொட்டதே இல்ல. அண்ணன் செத்ததுக்கு எள்ளுந் தண்ணியும் எறைக்கையிலகூட எந்திரிச்சுப் போயிட்டேன்" என்றார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இது உனக்கு எப்பத் தெரியும் தாயி?"

"காலேஜுல ரெண்டாம் வருசம் படிக்கையில. அந்தப் பாடம் வந்துச்சு."

"அப்ப உனக்கு என்ன வயசு?"

"பத்தொம்பது."

"இப்ப?"

"அறுபத்திரெண்டு அத்தை."

அவர் வலது கைக் கட்டைவிரலை இடது கைச் சுண்டுவிரலின் அடிக்கணுவில் வைத்து, உதடு அசைய, வருடங்களை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கினார். நான் எழுந்து போகாமல், அவர் எண்ணி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.